இன்ஜினைக் குறை சொல்லும் முன் பெட்டியின் சக்கரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மாடல் ரயில் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயம் வருவதே அபூர்வம், சந்தோஷமாகத்தான் படித்தேன், படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி உறுத்தியது. எட்டு பத்துப் பெட்டிகளுக்கு மேல் போனால் ஓர் இன்ஜின் இழுக்காது, இரண்டாவது இன்ஜின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு ஒரு செட் வாங்கித் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அப்பா அம்மா யாராவது அதைப் படித்திருந்தால் அந்த வரியிலேயே பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் விலை கூடின சாமானே இன்ஜின்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ரயில் திணறுகிறது என்றால் பெரும்பாலும் குறை இன்ஜினில் இல்லை, பின்னால் வருகிற பயணிகள் பெட்டிகளின் சக்கரத்தில் இருக்கிறது. சக்கரங்களை மாற்றிப் பாருங்கள், அதே இன்ஜின் அதே பத்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும். இன்னோர் இன்ஜின் வாங்கும் காசில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு ஆகும்.

ரயில்வே பெட்டிப் பணிமனையில் வீல் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, யாராவது மாடல் பெட்டியைக் காட்டினால் பெயிண்டையும் ஜன்னலையும் பார்ப்பதற்கு முன்னால் அதைக் குப்புறப் போட்டு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், தெரியும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின், அதாவது ஐ.சி.எஃப்.பின், பழைய ரகப் பெட்டி நிஜத்தில் சுமார் 21.3 மீட்டர், மாடலில் அது 24.5 சென்டிமீட்டர் வரும். இவ்வளவு நீளப் பெட்டி என்ன எடை இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. 1935-இல் மில்வாக்கியில் தொடங்கிய சங்கம் அது, இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடுகிறது என்றால் அதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் 1 அவுன்ஸ், அப்புறம் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்பது அவர்கள் கணக்கு. ஐ.சி.எஃப். பெட்டிக்கு இது ஏறக்குறைய 165 கிராம்.

இப்போது இன்ஜினுக்கு வருவோம். மாடல் இன்ஜினும் நிஜ இன்ஜின் மாதிரி எடையால்தான் இழுக்கிறது, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, நன்றாக இருந்தால் நாலில் ஒரு பங்கு இழுவிசை தரும், அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். 400 கிராம் இன்ஜின் என்றால் 80 கிராம் இழுவிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டமான சக்கரம் போட்ட பெட்டி தன் எடையில் 5 சதவீதம் இழுத்தால்தான் நகரும் என்றால் ஒரு பெட்டிக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது, பத்துப் பெட்டிக்கு 82 கிராம். முடிந்தது கதை, சமதளத்திலேயே இன்ஜின் நின்றுவிடும். அதே பெட்டி 2 சதவீதத்தில் உருளும் என்றால் பத்துக்கும் சேர்த்து வெறும் 33 கிராம்தான். இதோடு 100-க்கு 2 ஏற்றம் ஒன்று வந்தாலும் பெட்டிகளுக்கு இன்னொரு 33, இன்ஜின் தன்னையே ஏற்றிக்கொள்ள ஒரு 8 என்று கூட்டினால் 74 ஆகிறது, 80-க்குள் அடங்கிவிட்டது. வளைவு வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அது வேறு. உங்கள் கட்டுரையாளர் பார்த்த ரயில் எந்த ரகம் என்று இந்தக் கணக்கைப் போட்டாலே தெரிந்துவிடும்.

ஒரு பெட்டி 5 சதவீதமா 2 சதவீதமா என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நேரான பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, ஒரு முனையில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் புத்தகம் எதையாவது கொடுத்து, மேலே பெட்டியை வைத்துக் கையை எடுங்கள். நல்ல சக்கரம் தானாக இறங்கிவிடும். இறங்காமல் நின்றால் தானாக நகரும் வரைக்கும் முனையை உயர்த்திக்கொண்டே போங்கள், 5 சென்டிமீட்டரில்தான் நகர்ந்தது என்றால் உங்கள் பெட்டி 5 சதவீதம். கடையில் வாங்கும்போதே இப்படிப் பார்க்க விட்டால் நல்லது, யார் விடுகிறார்கள்?

ஏன் இந்த வித்தியாசம் என்றால், எல்லாம் ஆக்சிலின், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற அச்சுக் கம்பியின், முனையில் இருக்கிறது. பழைய, மலிவான பெட்டிகளில் ஆக்சில் முனை மொட்டையாக இருக்கும், சுமார் 2 மில்லிமீட்டர் கம்பி ஒரு ஓட்டைக்குள் சுற்றுகிற மாதிரி. உராய்வு நடக்கிற இடம் மையத்திலிருந்து 1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. நல்ல வீல்செட்டில், அதாவது ஓர் ஆக்சிலும் அதன் இரண்டு சக்கரமும் சேர்ந்த ஜோடியில், ஆக்சிலின் இரண்டு முனையும் ஊசி மாதிரி கூராக இருக்கும், பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்குகிற சட்டத்தைத்தான் போகி என்கிறேன், அந்தப் போகியின் பக்கச் சட்டத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு குழி, அந்தக் குழியின் அடியில் ஊசி முனை மட்டும் தொட்டுக்கொண்டு சுற்றும். உராய்கிற இடம் மையத்தை ஒட்டியே இருப்பதால் சக்கரத்தைத் தடுக்க அதற்குப் பலமே இல்லை. நிஜ ரயிலில் நாங்கள் ரோலர் பேரிங் போட்டுச் செய்த வேலையை இங்கே ஓர் ஊசி முனை செய்கிறது. எத்தனை அழகான யோசனை பாருங்கள், எண்ணெய்கூடத் தேவையில்லை.

அடுத்தது சக்கரத்தின் பொருள். பிளாஸ்டிக் சக்கரம் அச்சில் வார்த்தது, வார்ப்புத் தையல் சக்கரத்தின் மேலேயே ஒரு மயிரிழை அளவு துருத்திக்கொண்டு நிற்கும், சரியான வட்டமாகவும் இருக்காது, ஆக்சிலில் நேராகவும் உட்கார்ந்திருக்காது. மேஜை விளக்கின் கீழே போகியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை வாயால் ஊதிப் பாருங்கள். மட்டமானது அரைச் சுற்றில் நிற்கும், அல்லது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும், அதன் விளிம்பு வெளிச்சத்தில் இடமும் வலமும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். நல்ல உலோகச் சக்கரம் ஊதி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றுகிறதா நிற்கிறதா என்றே சில நொடி சந்தேகமாக இருக்கும், அவ்வளவு ஆடாமல் ஓடும்.

அழுக்கு விஷயமும் இருக்கிறது. பிளாஸ்டிக் சக்கரம் ஓட ஓடக் கறுப்பாக ஒரு பிசுக்கைச் சேர்த்து, அதைத் தண்டவாளம் முழுவதும் பூசிவிடும். மாடல் இன்ஜினுக்குக் கரண்ட் வருவது தண்டவாளத்தின் மேற்பரப்பு வழியாக. அதில் பிசுக்கு ஏறினால் இன்ஜின் விட்டு விட்டு ஓடும், விளக்கு மினுக்கும், அதற்கும் இன்ஜின்தான் திட்டு வாங்கும். பித்தளையில் கடைந்து நிக்கல் பூசிய சக்கரத்தில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. இன்னொரு லாபம், எடை கீழே சேர்வதால் பெட்டி தண்டவாளத்தில் ஆடாமல் உட்காரும். அப்புறம் சத்தம்! தண்டவாள இணைப்பில் உலோகச் சக்கரம் ஏறி இறங்கும்போது வருகிற டடக் டடக்கை நிஜத்தில் நீளத் தண்டவாளமாகப் பற்றவைத்துவிட்ட பிறகு மெயின் லைனில் நாம் இழந்துவிட்டோம், மேஜை மேலாவது கேட்டுக்கொள்ளலாம்.

சரி, எந்தச் சக்கரம் வாங்குவது? நம் ஆட்கள் குழம்புவது இங்கேதான். நம் ஐ.சி.எஃப். பெட்டிக்கும் சரி, இப்போதைய புது ரகமான எல்.எச்.பி. பெட்டிக்கும் சரி, புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 10.5 மில்லிமீட்டர். அமெரிக்கப் பயணிகள் பெட்டிகளின் சக்கரம் 36 அங்குலம், அதாவது 914 மில்லிமீட்டர். நமக்கும் அவர்களுக்கும் ரயிலில் எத்தனையோ வித்தியாசம், ஆனால் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் மட்டும் ஒன்று. ஆகவே அமெரிக்க எச்.ஓ. பயணிகள் பெட்டிக்கென்று விற்கிற 36 அங்குலச் சக்கரத்தை அப்படியே நம் ஊர்ப் பெட்டி மாடலுக்கும் போடலாம், அளவும் தப்பாது. 33 அங்குலம் என்று போட்டிருப்பது சரக்கு வண்டிக்கானது, 9.6 மில்லிமீட்டர்தான் வரும், விலை ஒன்றுதானே என்று அதை வாங்கிப் போட்டால் பெட்டி அரை மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். அரை மில்லிமீட்டரில் என்ன என்று கேட்கக் கூடாது, பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கிற கப்ளரின் மையம் தண்டவாளத்திலிருந்து 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, அது தாழ்ந்தால் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் பெட்டி கழன்றுகொண்டு நிற்கும். பிரிட்டன்காரர்களின் ஓ.ஓ. அளவு 76-இல் ஒரு பங்கு, அங்கே பயணிகள் பெட்டிக்கு 14 மில்லிமீட்டர் சக்கரம். தண்டவாள அகலம் இரண்டுக்கும் ஒன்று என்பதால் பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள், அது எச்.ஓ. போகிக்குள் நுழையவே நுழையாது.

ஓ.ஓ. பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், நம் அகல ரயில் 1676 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் 19 சொச்சம் வர வேண்டும், 16.5-இல் ஓடுகிற நம் ஊர் மாடல் எல்லாமே கொஞ்சம் ஒடுங்கின கால்தான். கறார்ப் பேர்வழிகள் இதற்காகச் சண்டை போடுவார்கள். நான் போட மாட்டேன், வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

விட்டத்தைவிட முக்கியமானது ஆக்சிலின் நீளம், ஊசி முனையிலிருந்து ஊசி முனை வரைக்கும். இதை யாரும் பார்ப்பதில்லை. எச்.ஓ., ஓ.ஓ. இரண்டிலும் 24.5, 25, 26 என்று பல நீளம் இருக்கிறது, நடுவில் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்திலும் உண்டு. நீளம் கூடினால் ஊசி குழிக்குள் இறுகி நிற்கும், சக்கரம் சுற்றாமல் சறுக்கிக்கொண்டு வரும். குறைந்தால் ஊசி குழியின் அடியைத் தொடாமல் கூம்பின் சுவரில் படுத்துக்கொள்ளும், பெட்டி ஒரு பக்கம் சாயும், ஊசி முனையால் வந்த லாபம் போச்சு. ஓர் இணையதள விற்பனையாளரிடம் 10.5 சக்கரம் என்று போட்டிருந்ததை வாங்கினேன், ஆக்சில் நீளத்தை எங்கேயும் குறிப்பிடவில்லை, கேட்டதற்கு எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் என்று பதில். வந்தது 24.5. என் போகிக்கு வேண்டியது கிட்டத்தட்ட 26. போகியைப் பிடித்து ஆட்டினால் சக்கரம் உள்ளே லொடலொடவென்று நடனமாடியது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே விற்கிறவர்கள் விட்டத்தோடு ஆக்சில் நீளத்தையும் போட்டே தீர வேண்டும், வாங்குகிறவர்களும் அது போடாத இடத்தில் காசைக் கொடுக்கக் கூடாது. ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஆக்சிலைக் கழற்றி அளந்து பாருங்கள், போகியில் போட்டால் பக்கவாட்டில் கால் மில்லிமீட்டர், போனால் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிற மாதிரி புதியதைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றுகிற வேலை ஒன்றும் பெரிதல்ல. போகியின் பக்கச் சட்டம் இரண்டையும் விரலால் லேசாக அகட்டினால் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். ஆனால் போடுவதற்கு முன் அந்தக் கூம்புக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும், இதைச் செய்யாமல் சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பிரயோஜனமில்லை என்கிறவர்கள் நிறைய. குழிக்குள் வார்ப்பின் பிசிறு இருக்கும், பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும். இதற்கென்றே ஆக்சில் அளவில் இரண்டு முனையும் கூம்பாகக் கடைந்த சின்ன உளி ஒன்று விற்கிறது, அதை ஆக்சில் மாதிரியே போகியில் மாட்டி விரலால் இரண்டு மூன்று தடவை திருகினால் போதும், மெல்லிய பிளாஸ்டிக் சுருள் வெளியே வரும், குழி பளிச்சென்று ஆகிவிடும். அதிகமாகத் திருகினால் குழி ஆழமாகி ஆக்சில் நீளக் கணக்கே மாறிவிடும். எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். ரொம்ப ஆசையாக இருந்தால் பென்சிலின் கரிமுனையைச் சுரண்டி அந்தத் தூளில் ஒரு சிட்டிகை.

போட்ட பிறகு ஒரே ஆக்சிலில் உள்ள இரண்டு சக்கரத்தின் உள்முகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். எங்கள் வீல் ஷாப்பில் அகல ரயில் சக்கரத்துக்கு இது 1600 மில்லிமீட்டர், 2 கூடலாம், 1 குறையலாம், அதற்கு மேல் விட மாட்டோம். எச்.ஓ.வில் இது 14.4 மில்லிமீட்டர் பக்கம். குறைந்தால் பாயிண்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், சக்கரத்தை வழிநடத்தப் போட்ட செக் ரயில் என்ற துணைத் தண்டவாளம் சக்கரத்தைப் பிடிக்கும், கூடினால் பாயிண்டில் தவறான வழியில் ஏறிவிடும். நீங்கள் என்ன செய்தாலும் அதே பாயிண்டில் அதே பெட்டி தடம்புரள்கிறது என்றால் பாயிண்டைப் பிய்த்துப் போடுவதற்கு முன் இதை அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் ஆக்சிலில் பொருத்திய உலோகச் சக்கரம் என்றால் கையாலேயே மெல்லத் திருகி நகர்த்தலாம்.

விளிம்பு பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. சக்கரத்தின் உள்பக்கத்தில் தண்டவாளத்துக்குக் கீழே இறங்கி நிற்கிற விளிம்பை நாங்கள் ஃபிளாஞ்ச் என்போம். நிஜச் சக்கரத்தில் புதிதாக இருக்கும்போது அதன் உயரம் 28.5 மில்லிமீட்டர். ஓடி ஓடிச் சக்கரத்தின் மேற்பரப்பு தேயத் தேய விளிம்பு மட்டும் உயர்ந்துகொண்டே போகும், 35-ஐத் தொட்டால் அந்தச் சக்கரத்தை ஓடவிடக் கூடாது, தண்டவாளங்களை இணைக்கிற ஃபிஷ்பிளேட் தகட்டின் போல்ட்டில் இடிக்கும். 87-ஆல் வகுத்தால் புதிய விளிம்பு 0.33 மில்லிமீட்டர், அந்த அளவில் மாடல் செய்தால் பெட்டி தண்டவாளத்திலேயே நிற்காது, அதனால் அமெரிக்கச் சங்கத்தார் ஆர்.பி. 25 என்ற அளவில் 0.64 வரைக்கும் அனுமதித்திருக்கிறார்கள். இன்னொன்று, சக்கரத்தின் மேற்பரப்பு நிஜத்தில் 20-க்கு 1 என்ற சரிவில் இருக்கும், கோணத்தில் சொன்னால் 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஆர்.பி. 25 சக்கரத்திலும் 3 டிகிரி! வளைவில் வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளுவதற்காக வைத்த சரிவு அது, மாடலிலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பழைய இத்தாலியப் பெட்டிகள், ரிவரோசி என்ற பெயரில் வந்தவை, நம் ஊரில்கூடச் சிலரிடம் அட்டைப்பெட்டியோடு பத்திரமாக இருக்கின்றன. அருமையான உடல் வேலைப்பாடு. ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பியச் சக்கரங்களின் விளிம்பு 1 மில்லிமீட்டரைத் தாண்டும், நிஜத்தில் அது 87 மில்லிமீட்டர் விளிம்புக்குச் சமம், எங்கள் இன்ஸ்பெக்டர் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார். பீட்சா வெட்டும் கத்தி என்று வெளிநாட்டு ரயில் பிரியர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய 2.5 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளத்தில் அது ஓடியது, இப்போது பலர் போடுகிற 2.1, 1.8 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஸ்லீப்பர் கட்டையோடு சேர்த்து வார்த்த ஆணித் தலைகளின் மேல் விளிம்பு ஏறி ஏறி இறங்கும், ரயில் முழுக்க ஜல்லி மேல் ஓடுகிற மாதிரி தடதடவென்று போகும். இந்தப் பெட்டிகளைத் தூக்கிப் போட வேண்டாம், விற்கவும் வேண்டாம், ஆர்.பி. 25 சக்கரத்தைப் போட்டாலே புதிய தண்டவாளத்தில் மறுபடி ஓடும். அமெரிக்கப் பழைய கனரகப் பெட்டிகளில் போகிக்கு மூன்று ஆக்சில் இருக்கும், அதில் நடு ஆக்சிலுக்கு மட்டும் மேலும் கீழும் கொஞ்சம் விளையாட்டு விட வேண்டும், இல்லாவிட்டால் அது பெட்டியின் எடையைத் தானே வாங்கிக்கொண்டு முன் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஊருக்கு வருகிற நம் ஆட்கள் மேர்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் பெட்டிகளை வாங்கி வந்து கொடுக்கிறார்கள், பழைய சாமான் சந்தையில் நல்ல விலைக்குக் கிடைக்குமாம். அதை அப்படியே உங்கள் தண்டவாளத்தில் வைக்காதீர்கள். மேர்க்லின் முறையில் கரண்டின் ஒரு முனை நடுவில் உள்ள குமிழ்களின் வழியாக வருகிறது, இரண்டு தண்டவாளமும் ஒரே முனை. அதனால் அவர்கள் பெட்டியில் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்கு ஆக்சில் வழியாக மின்சாரம் கடந்து போனாலும் பரவாயில்லை. நம்மிடம் இருக்கிற இரண்டு தண்டவாள முறையில் ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ், அந்தச் சக்கரத்தை வைத்த நொடியில் ஷார்ட் ஆகும். பெட்டி கெட்டுப்போகவில்லை, ஒரு பக்கம் மின்காப்பு செய்த வீல்செட்டாக மாற்றினால் தீர்ந்தது. மாற்றும்போது காப்பு உள்ள சக்கரம் எல்லா ஆக்சிலிலும் ஒரே பக்கமாக வரட்டும், உலோகப் போகியில் இதை மாற்றி மாற்றிப் போட்டால் போகியின் சட்டம் வழியாகவே மறுபடி ஷார்ட் ஆகும்.

உள்ளே விளக்கு எரிகிற பெட்டிகளில் ஒரு வில்லன் உண்டு. கரண்ட் எடுக்க ஆக்சிலிலோ சக்கரத்தின் பின்புறத்திலோ மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று உரசிக்கொண்டு இருக்கும். அது பிரேக் மாதிரிதான். எத்தனை நல்ல சக்கரம் போட்டாலும் தகடு அழுத்திக்கொண்டு இருந்தால் சரிவுச் சோதனையில் தோற்றுப்போகும். தகட்டை முழுக்கத் தூக்கினால் விளக்கு போய்விடும், ஆகவே தொட்டும் தொடாமலும் இருக்கிற அளவுக்கு வளைத்துவிட்டு, விளக்குக்கு எல்.இ.டி.யும் கூடவே ஒரு கப்பாசிட்டரும் போட்டால் இடையில் தொடர்பு விட்டாலும் அணையாது. நாலு ஆக்சிலிலும் தகடு வைத்திருக்கிற பெட்டியில் இரண்டைக் கழற்றிவிடுவதே மேல்.

விட்டம் பற்றி இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது. நிஜப் பெட்டியில் ஒரே ஆக்சிலில் இரண்டு சக்கரத்தின் விட்டமும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது, ஒரே போகிக்குள் 5, ஒரே பெட்டிக்குள் 13 என்று எங்களுக்குக் கணக்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். மாடலிலும் அதே மரியாதையைக் கொடுங்கள். ஒரு போகிக்குப் புதிது, இன்னொரு போகிக்குப் பழையது என்று பாதி மாற்றினால் பெட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கப்ளர் உயரமும் இரண்டு முனையில் இரண்டு விதமாகிவிடும். பன்னிரண்டு ஆக்சில் கொண்ட பாக்கெட் பரவலாகக் கிடைக்கிறது, பெட்டிக்கு நாலு வீதம் மூன்று பெட்டிக்கு வரும், மூன்று மூன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். எங்கிருந்து தொடங்குவது என்றால், சரிவுச் சோதனையில் கடைசியாக வந்த மூன்றிலிருந்து.

ஒரே ஒரு வருத்தம், இந்தச் சக்கரம் இன்னும் கடல் தாண்டித்தான் வருகிறது. சக்கரத்தின் விலையைவிடத் தபால் செலவும் சுங்கமும் பயமுறுத்துகின்றன. நூறு கிராம் பித்தளையும் நல்ல லேத்தும் போதும் இதற்கு. கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் இதைவிடச் சின்ன உருப்படிகளை இதைவிட நெருக்கமான அளவில் தினமும் கடைகிறார்கள். 10.5 மில்லிமீட்டர் சக்கரம், ஆர்.பி. 25 விளிம்பு, 14.4 இடைவெளி, 26 மில்லிமீட்டர் ஊசி முனை ஆக்சில், மின்காப்புக்கு ஒரு பக்கம் நைலான் புஷ். வரைபடம் போட்டால் அரைப் பக்கம்தான். 1955-இலிருந்து பெரம்பூரில் நிஜப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற மாநிலம் இது, 2018-இல் பழைய ரகப் பெட்டி கட்டுவதை நிறுத்திய பிறகு அதை மேஜை மேலாவது வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற பழைய ஊழியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தொழில் செய்கிற தம்பிமார் யாராவது யோசித்துப் பார்க்கலாம். வாங்குவதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டால், புணேயில் ஜோஷி அவர்களின் சிறு ரயில் அருங்காட்சியகம் 1998-இலிருந்து நடக்கிறது, ஒரு காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் போதும்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடம் இல்லை என்றால் என் கதைகளை வெட்டிக்கொள்ளுங்கள், ரிவரோசியை வெட்டினாலும் பரவாயில்லை, ஆனால் அளவுகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஒரு புள்ளி தவறினாலும் யாரோ ஒருவர் தவறான சக்கரத்தை வாங்கிவிடுவார். இரண்டாவது இன்ஜின் பற்றிய அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தமும் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெட்டிப் பணிமனை ஊழியர்,
பொன்மலை, திருச்சி.